கடலுக்குக் கட்டணம் இல்லை

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்கு வருபவர்களுக்குக் காசில்லாமல் கிடைப்பவை ஏராளம். அவற்றில் சிலவற்றுக்கு வேறு யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள்.

பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்துக்கு அருகே, காக்ஸ் டவுனையும் மாருதி சேவா நகரையும் ஒட்டி இருக்கிறது ஜீவனஹள்ளி. 1809இல் பிரிட்டிஷார் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தங்கள் பட்டாளத்தை பெங்களூருக்கு மாற்றினார்கள். அப்போது உருவான கன்டோன்மென்ட்டுக்குப் பிழைப்புத் தேடி வந்த தமிழர்களால் நிறைந்த வட்டாரம் இது. மார்க்கெட்டில், டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில் இன்றும் தமிழ் காதில் விழாமல் இருக்காது. பழைய ஓட்டு வீடுகள் இருந்த இடங்களில் இப்போது மாடி வீடுகள். அவற்றின் ஒற்றை அறைகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர்கள்.

2020 மார்ச் ஊரடங்கு இவர்களுடைய அலுவலகத்தைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தது. பிறகு பல கம்பெனிகள் ஆட்களைத் திரும்ப அழைத்துவிட்டன. ஆனாலும் மாதத்தில் சில நாட்கள், வருடத்தில் சில வாரங்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம் என்ற சலுகை பலருக்கு மிஞ்சியிருக்கிறது. பெங்களூரில் எல்லாம் உண்டு, கடலைத் தவிர. ஆகவே இரவு பஸ்ஸில் ஏறுகிறார்கள். கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, திண்டிவனம் வழியாகச் சுமார் 310 கிலோமீட்டர். விடியும் நேரத்தில் புதுச்சேரி.

இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போகிற பயணிக்கும் மூன்று வாரம் தங்கி வேலை பார்க்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முன்னவர் செலவழிக்கவே வருகிறார். பின்னவர் ஜீவனஹள்ளி அறைக்கும் வாடகை கட்டிக்கொண்டு, இங்கேயும் வாடகை கொடுக்கிறார். வெள்ளை நகரத்து ஓட்டல்களில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டலாம்தான். ஆனால் சர்வரின் பார்வை இரண்டாவது காபியை வரவழைத்துவிடும். ஒரு வாரம் இப்படிக் கழிந்தால் மிச்சம் பிடித்த பணம் காபியிலேயே கரைந்துவிடும். அறையிலேயே அடைந்து கிடக்கலாம் என்றால், அதற்கு ஜீவனஹள்ளியே போதுமே!

புதுச்சேரியின் மிகப் பெரிய இலவசம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 மணி வரை இங்கே வண்டிகள் வரக்கூடாது. ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில், நகரத்தின் மையத்திலேயே, ஹாரன் சத்தம் இல்லாமல் நடக்க முடிகிற சாலை வேறு எத்தனை இந்திய நகரங்களில் இருக்கிறது? எட்டு கல்தூண்கள் சூழ நிற்கும் காந்தி சிலை, 1836இல் முதன்முதலில் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக 1938இல் திறக்கப்பட்ட பிரெஞ்சு நினைவுச் சின்னம் எல்லாமே இந்த ஒரே நடையில் வந்துவிடும். எதற்கும் டிக்கெட் கிடையாது. கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியோதயமும் நேர் எதிரே. வேலை ஆரம்பிப்பதற்கு முன் ஒரு நடை, முடிந்த பிறகு ஒரு நடை என்று பழகிக்கொண்டால் நாள் ஒழுங்காக இரண்டு முனைகளிலும் கட்டப்பட்டுவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் முதலில் தொலைப்பது அந்த ஒழுங்கைத்தான்.

உட்கார்ந்து படிக்க வேண்டுமா? பாரதி பூங்காவுக்கு அருகே ரோமன் ரோலந்து நூலகம் இருக்கிறது. 1827இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கப்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தின் நூற்றாண்டான 1966இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றிலும் புத்தகங்கள். காலையில் நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற பெரியவர்கள், பரீட்சைக்குத் தயாராகும் பெண்கள், வெயிலுக்கு ஒதுங்கியவர்கள் எல்லோருக்கும் இங்கே ஒரு நாற்காலி உண்டு. ஃபோனில் மீட்டிங் பேசுவதற்கு இது இடமல்ல. அறிக்கை எழுதவும், கணக்குப் பார்க்கவும், ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்கவும் நல்ல இடம்.

பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிற ஆயி மண்டபத்தைப் படம் பிடிக்காத பயணி இல்லை. அதன் கதையைக் கேட்டவர்கள் குறைவு. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது, விளக்குகளால் ஜொலித்த ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். தன் கையாலேயே வீட்டை இடித்த ஆயி, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாள் என்கிறது கதை. பிற்காலத்தில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு வாய்க்கால் மூலம் குடிதண்ணீர் கொண்டுவந்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதன் நினைவாக எழுந்த மண்டபத்துக்கு ஆயியின் பெயர் நிலைத்துவிட்டது. ராஜா செய்தது இடித்தது; தாசி செய்தது தண்ணீர் கொடுத்தது. மண்டபத்து நிழலில் இன்றும் காசில்லாமல் உட்காரலாம்.

வெளியூரிலிருந்து வேலை பார்ப்பதைப் புதுச் சங்கதி என்று நினைப்பவர்கள் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுக்குப் போக வேண்டும். 1908இல் பிரிட்டிஷ் அரசின் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரிக்கு வந்த சுப்பிரமணிய பாரதி, சென்னையில் நடந்துகொண்டிருந்த 'இந்தியா' வாரப் பத்திரிகையை இங்கிருந்தே நடத்தினார். பத்திரிகை இங்கே அச்சாகும். வாசகர்கள் எல்லைக்கு அப்பால் இருப்பார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதை நுழையவிடாமல் அரசு தடுத்ததும் 1910இல் பத்திரிகை நின்றது. வருமானமும் நின்றது. வாசகர்களோடு இருந்த இணைப்பே துண்டிக்கப்பட்டது என்று இன்றைய பாஷையில் சொல்லலாம்.

1918 வரை பாரதி இங்கே இருந்தார். கையில் பணமில்லாத பத்து வருடங்கள். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் அந்த வருடங்களில் பிறந்தவை. 1910இல் வந்து சேர்ந்த அரவிந்தரோடும் வ.வே.சு. ஐயரோடும் அவருக்குப் பேச்சுத் துணை வாய்த்தது. பொழுதுபோக்க அவர்களுக்கும் கடற்கரைதான். பாரதி வாழ்ந்த வீடு அரசு பராமரிக்கும் நினைவு இல்லம். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசனின் வீடும் அப்படியே. இரண்டையும் பார்க்க ஒரு மத்தியான இடைவேளை போதும். விடுமுறை நாட்களை விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அமைதி தேடுகிறவர்கள் அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போகிறார்கள். முற்றத்து மரத்தடியில் அரவிந்தர், அன்னை இருவரின் சமாதி. எப்போதும் பூக்கள். நம்பிக்கை உள்ளவர்கள் வணங்குகிறார்கள். இல்லாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபோனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. நாள் முழுக்கத் திரையைப் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விதி கிடையாது. காசும் கேட்பதில்லை.

சனி, ஞாயிறுகளுக்கு ஊருக்கு வெளியே இரண்டு இடங்கள். வடக்கே, பெரும்பகுதி தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் ஆரோவில். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட சர்வதேச நகரம். மாத்ரிமந்திரின் தங்க நிற உருண்டையைத் தூரத்திலிருந்து பார்க்க, பார்வையாளர் மையத்தில் இலவச அனுமதிச் சீட்டு தருகிறார்கள். அங்கிருந்து சுமார் ஒரு கிலோமீட்டர் மர நிழலில் நடை. உள்ளே போய்த் தியானம் செய்வதற்கு முன்பதிவு வேண்டும். தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது கிடைத்த ரோமானியப் பானை ஓடுகள், தென்னிந்திய அகழாய்வுக்கே கால அளவுகோலாக அமைந்தன. இப்போது போகிறவர்களுக்குத் தென்னந்தோப்பும் ஆறும் இடிந்த செங்கல் தூண்களும்தான் தெரியும். அந்தத் தூண்களை ரோமானியர் கட்டியது என்று படம் பிடித்து ஊருக்கு அனுப்புபவர்கள் உண்டு. உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்களின் கட்டடத்து மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் சண்டே மார்க்கெட். துணி, செருப்பு, பழைய புத்தகம், பாத்திரம் எல்லாம் நடைபாதையில் குவிந்திருக்கும். வேடிக்கை பார்க்கக் காசில்லை. வெறுங்கையோடு திரும்புவதுதான் கஷ்டம்.

இவ்வளவு இலவசங்களுக்கு நடுவே ஒரு கேள்வி. கடற்கரைச் சாலை இருக்கிறது. கடற்கரை எங்கே? முதல்முறை வருகிறவர்கள் திகைக்கிறார்கள். சாலையின் பெரும்பகுதியில் மணலுக்குப் பதில் கருங்கல் குவியல். பெரியவர்களைக் கேட்டால், இங்கே அகலமான மணல்வெளி இருந்தது, மீனவர்கள் அதில் வலை உலர்த்தினார்கள் என்பார்கள்.

1980களின் பிற்பகுதியில் நகரத்துக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். கிழக்குக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வருடத்தின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கிலேயே தங்கிவிட்டது. வடக்கே இருந்த நகரத்துக் கரைக்கு வரவேண்டிய வரவு நின்றது. கடல் எடுக்கும் செலவு மட்டும் தொடர்ந்தது. தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது திட்டம். அது ஒழுங்காக நடக்கவில்லை. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது. வைத்திக்குப்பம், சோலை நகர், பிறகு தமிழ்நாட்டு எல்லையில் சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாகக் கரையை இழந்தது. மீனவனுக்குக் கடற்கரை பொழுதுபோக்கு இல்லை. படகை ஏற்றி வைக்கிற இடம், வலையைச் செப்பனிடுகிற பட்டறை, மீனை ஏலம் விடுகிற சந்தை எல்லாமே அதுதான். அதற்கு அவன் வாடகை கொடுத்ததில்லை. அது போன பிறகு இழப்பீடு கேட்க ரசீதும் இல்லை.

2018இல் சின்ன ஆறுதல் ஒன்று கிடைத்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவ எஃகு அமைப்பு ஒன்றை இறக்கியது. அலையின் வேகம் தணிந்தது. அதன் பின்னால் மணல் சேர்ந்தது. சாயங்காலம் குழந்தைகள் கால் நனைக்கிற அந்த மணல் துண்டு, இப்படித் திரும்பி வந்தது. பருவத்துக்குப் பருவம் அதன் அகலம் கூடும், குறையும். கடல் கணக்கை இன்னும் முடிக்கவில்லை என்பதற்கு 2022 மார்ச்சில் இடிந்த கடல்பாலமே சாட்சி.

வருகிற மாதத்தைப் பார்த்து வருவதும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை புதுச்சேரியில் கொட்டியது. தெருக்களில் வெள்ளம், மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாட்களில் எந்த மேலதிகாரியிடம் விளக்கம் சொல்வது? ஜனவரி, பிப்ரவரி உத்தமம். வெயிலும் சாது, வாடகையும் பேசலாம். எந்த மாதமானாலும் கடலில் இறங்கி நீந்துவது வேண்டாம். பாறைகளும் அடி இழுப்பும் விளையாட்டுக்கு உரியவை அல்ல.

மூன்று வாரம் காசில்லாமல் ஊரை அனுபவிக்கிறவர் திருப்பிக் கொடுக்கக்கூடியவையும் சில உண்டு. நூலகத்தில் குரலைத் தாழ்த்தலாம். பிளாஸ்டிக் டம்ளரைக் கல் இடுக்கில் செருகாமல் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோகலாம். வெள்ளை நகரத்தைத் தாண்டி முத்தியால்பேட்டையிலோ நெல்லித்தோப்பிலோ அறை எடுத்து, அந்தத் தெரு மெஸ்ஸில் சாப்பிட்டு, அந்தத் தெருக் கடையில் மளிகை வாங்கலாம். அப்படிச் செய்தால் செலவும் குறைகிறது, காசும் ஊர்க்காரர்கள் கையில் நிற்கிறது. சாயங்காலம் 6 மணிக்குத் தடுப்பு வேலியை இழுத்துச் சாலையை மூடும் போலீஸ்காரர் யாரிடமும் டிக்கெட் கேட்பதில்லை. சுண்டல்காரர் மட்டும் காசு கேட்பார். அதைக் கொடுத்துவிட வேண்டியதுதான்.