அனுப்பலாமா டாக்டர்?

போன மாசம் ஓபில ஒரு அம்மா கேட்டாங்க: "பொண்ணுக்கு ஓசூர்ல வேலை. ஹாஸ்டல்ல தங்கணும். அனுப்பலாமா டாக்டர்?"

பொண்ணுக்கு 19 வயசு. 11 வயசுல இருந்து டைப் 1 சர்க்கரை நோய். இன்னைக்கு வரைக்கும் இன்சுலின் போட்டு விடுறது அம்மாதான்.

வயசை மட்டும் வச்சு இதுக்குப் பதில் சொல்ல முடியாது. "ரெண்டு வாரம் நீங்க கை வைக்காதீங்க. ஊசி, டெஸ்ட், சாப்பாடு எல்லாம் அவளே பாக்கட்டும்"னேன்.

அவகிட்ட சொன்னது: சர்க்கரை 70க்குக் கீழ போனா மூணு டீஸ்பூன் சீனியைத் தண்ணில கலந்து குடி. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாரு. காய்ச்சல், வாந்தின்னு சாப்பிட முடியலைனாலும் இன்சுலினை நீயா நிறுத்தாத, உடனே ஆஸ்பத்திரிக்கு வா.

நோட்டோட வந்தாங்க. ஒரு ராத்திரி 2 மணிக்கு 58. சீனி குடிச்சிட்டு, திரும்பப் பாத்து 86னு எழுதி வச்சிருந்தா.

"என்னை எழுப்பவே இல்ல டாக்டர்"னு அம்மா அழுதாங்க.

"அதனாலதாம்மா அனுப்பலாம்னு சொல்றேன். ஆனா ரூம்ல ஒருத்திக்காவது விஷயம் தெரியணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தாம 108க்குக் கூப்பிடணும்."

அம்மா தயங்கினாங்க. "வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம்..."

பொண்ணு நோட்டை மூடினா. "நானே சொல்லிக்கிறேன்மா."

எனக்கு வேற டெஸ்ட் தேவைப்படல.