பார்ப்பதும் ஒரு வேலைதான்

மாலை ஆறரை மணிக்குப் பின்னர் நமது ஊர்களில் ஒரு வீட்டுக்குப் போக நினைப்பவர் சற்று முன்யோசனையுடன் புறப்படுவது நன்று. தொடர்நாடகம் நடந்துகொண்டிருக்கும் வேளையில் படலையைத் திறப்பவர் விருந்தாளி அல்லர், இடையூறு. அவரை வரவேற்பது வீட்டாரின் வாயன்று, கதிரையைச் சுட்டிக்காட்டும் கையே. தேநீர் விளம்பர இடைவேளையில் வரும். இடைவேளை நீண்டதாயின் சுகவிசாரணையும் நீளும். குறுகியதாயின் தேநீரிற் சீனி குறையும். உறவினரின் கலியாணச் செய்தியும் மரணச் செய்தியும் சவர்க்கார விளம்பரத்துக்கும் சேலைக்கடை விளம்பரத்துக்கும் இடையே கிடைத்த அவகாசத்தில் சொல்லி முடிக்கப்படுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

அந்நாடகங்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வருவன. அவற்றில் வரும் மாமியார் நித்திரைக்குப் போகும்போதும் பட்டுச்சேலை உடுத்தியிருக்கிறார். அவ்வீட்டில் எவரும் வேலைக்குப் போவதாகத் தெரியவில்லை, செல்வமோ குறைவதில்லை. குசினி உண்டு, அதில் எரிவாயு தீர்ந்த காட்சி ஒருநாளும் இல்லை. 2022ஆம் ஆண்டில் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலியாற் பூட்டி வரிசையில் வைத்துவிட்டு வந்த நம் பெண்கள், மின்சாரம் இருந்த சொற்ப நேரத்தில் அந்தக் குசினியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்தாலும் பார்த்தார்கள்.

இதனைக் கண்டு கற்றோர் முகஞ்சுளிப்பது வழக்கம். நமது ஆசிரியர் ஓய்வறைகளிலே இதைப்பற்றி நடக்கும் பேச்சில் ஏளனமே மிகுதி. அந்த ஏளனத்துடன் நமக்கு உடன்பாடில்லை. விடிய நாலரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, தோட்டத்துக்கோ கந்தோருக்கோ போய்வந்து, மீண்டும் சமைத்த ஒருத்தி அந்நாள் முழுவதிலும் உட்கார்ந்திருக்கும் நேரம் அந்த அரைமணிதான். வேறெந்தக் கலையை நாம் அவளது வாசலுக்குக் கொண்டுபோனோம்?

இலங்கையில் தொலைக்காட்சியின் வரலாறு நீண்டதன்று. 1979 ஏப்ரிலில் சுயாதீனத் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. நமது ஊரில் முதன்முதலிற் பெட்டி வாங்கியவர் ஒரு கடை முதலாளி. கமுகமரத்தை விஞ்சிய இரும்புக் குழாயின் உச்சியில் அன்ரனா நின்றது. காற்றடித்தாற் படம் ஓடிவிடும். ஒருவர் குழாயைத் திருப்ப, இன்னொருவர் யன்னலருகே நின்று, “இன்னும் கொஞ்சம்... போச்சு... திரும்பித் திருப்பு!” என்று கட்டளையிடுவார். கடல் கடந்து வந்த தூரதர்சனின் வெள்ளிக்கிழமைப் பாட்டுக்காக இக்கூத்து வாரந்தோறும் நடைபெற்றது.

அந்த விறாந்தையை நினைவுகூர்வோர், ஊரே ஒன்றாய்க் கூடியிருந்த காலம் அது என்று உருகுவதுண்டு. கூடியது உண்மை, எப்படிக் கூடியது என்பதையும் சொல்லவேண்டுமல்லவா? பெரியவர்களுக்குக் கதிரை. பெண்களுக்குப் பாய். நம்மைப் போன்ற அயற்பிள்ளைகளுக்குச் சீமெந்துத் தரை. அவ்வீட்டுத் தோட்டத்தில் நாட்கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர்களின் பிள்ளைகளுக்கு முற்றத்து மணலும் யன்னற் கம்பியும். எவரும் ஆணையிட்டதாக நினைவில்லை. ஆணை எவருக்கும் தேவைப்படவில்லை. திரைச்சீலை பாதியை மறைக்க, யன்னலுக்கு வெளியே நின்றவர்கள் பாதிப் படமே கண்டார்கள். மறுபாதியில் நடந்ததை மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்களிடம் கேட்டு அறிந்துகொண்டார்கள்.

அந்நாளில் ‘ஓஷின்’ என்ற ஜப்பானிய நாடகம் சிங்களக் குரலில் வந்தது. ஒரு மூடை அரிசிக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு சிறுமியின் கதை. மொழி எங்களிற் பலருக்கு முழுதாக விளங்கவில்லை. கதிரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் அர்த்தம் கேட்டார்கள். யன்னலில் நின்றவர்கள் எவரையும் கேட்கவில்லை. வீட்டுவேலைக்குக் கொழும்புக்கு அனுப்பப்பட்ட தமக்கைமார் அவர்களுள் இருவருக்கு இருந்தனர்.

பின்னர் யுத்தம். 1990இல் கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் அழிந்தது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் அற்றுப்போயிற்று. பல ஆண்டுகள் பெட்டிகள் துணி போர்த்துக் கிடந்தன. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்ட விளக்கிலே பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளை நிறுத்தி மிதித்து, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்தோம். ஒருவர் மிதிக்கப் பத்துப்பேர் செய்தி கேட்பார்கள். மிதிப்பவர் களைத்தால் உலகம் மௌனமாகிவிடும். உழைப்புக்கும் நுகர்வுக்கும் உள்ள உறவை மாணவருக்கு விளக்க இதனினும் நல்ல உதாரணம் நமக்கு இன்றுவரை கிடைக்கவில்லை! ஆயினும் அவ்விருளைப் பொற்காலமாக்கிப் பேசுவோருடன் நாம் சேரமாட்டோம். மருந்தின்றி மடிந்தவர்கள் அவ்விருளில்தான் மடிந்தார்கள்.

இன்று கதிரை, பாய், மணல் என்ற வரிசை குலைந்துவிட்டது. யன்னலுக்கு வெளியே நின்றவரின் பேரப்பிள்ளை தன் உள்ளங்கையிலே தனக்கென ஒரு யன்னலை வைத்திருக்கிறான். திரைச்சீலை இல்லை, எவரிடமும் மறுபாதியைக் கேட்கவேண்டியதில்லை. இதைச் சிறிய விஷயமென்று சொல்வோர் எப்போதும் கதிரையில் இருந்தவர்களாகவே இருப்பர். ஆனால், இந்த யன்னலுக்கு வாடகை செலுத்துபவர் யார் என்று கேட்காமல் விடுவதும் முறையன்று.

1977ஆம் ஆண்டில் கனடாவைச் சேர்ந்த டல்லஸ் ஸ்மைத் என்ற பொருளியல் அறிஞர் மேலைநாட்டு மார்க்சியர்களை நோக்கி ஒரு கேள்வி எழுப்பினார். விளம்பரத்தால் வாழும் வானொலியும் தொலைக்காட்சியும் விற்கின்ற பண்டம் யாது? நிகழ்ச்சி என்பர் பலர். அவர் அதனை மறுத்தார். நிகழ்ச்சி, வாடிக்கையாளரை உள்ளே இழுக்கக் கடைக்காரர் வைக்கும் இலவசச் சாப்பாடு. விற்கப்படுவது பார்ப்போரின் கவனம். அதை வாங்குபவர் விளம்பரகாரர். ஆகவே பார்ப்பதும் ஒருவகை உழைப்பே என்பது அவரது வாதம். இதனை, நாடகமொன்றையும் தவறவிடாத நமது பெரியம்மாவுக்கு ஒருநாள் விளம்பர இடைவேளையில் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்பிடியெண்டால் எனக்கெல்லோ அவங்கள் சம்பளம் தரவேணும், தம்பி?” என்றார். ஸ்மைத்தின் நீண்ட கட்டுரையின் சாரத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விரிவுரையாளரை நாம் சந்தித்ததில்லை.

பழைய பெட்டிக்கேனும் நாம் யாரென்று தெரியாது. சவர்க்காரத்தை முதலாளிக்கும் முற்றத்து மணலில் நின்றவருக்கும் அது ஒரே குரலிற்றான் விற்றது. கைத்தொலைபேசியோ நம்மை அறியும்: எதில் விரல் தயங்கியது, எதைப் பாதியில் விட்டோம், நள்ளிரவில் எதைத் தேடினோம் என்பதெல்லாம் எங்கோ கணக்கிற் பதிகின்றன. பத்திரிகைக்குக் கடைசிப் பக்கம் உண்டு. அக்காலத் தொலைக்காட்சி தேசியகீதத்துடன் முடிந்து, இரைச்சலும் புள்ளிகளுமாகி, நம்மை நித்திரைக்கு அனுப்பிற்று. முகநூலுக்குக் கடைசிப் பக்கம் இல்லை. இல்லாதபடியே அது அமைக்கப்பட்டிருக்கிறது. முதற் பாடவேளையில் தலை சாயும் மாணவனை எழுப்பி, இரவு என்ன பார்த்தாய் என்று கேட்டுப் பாருங்கள். மூன்று மணிநேரம் பார்த்தவனால் மூன்று வசனம் சொல்ல இயலாது. அவன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஒன்றும் நினைவில் நிற்பதில்லை.

முகநூலில் கட்டைவிரற் குறி அறிமுகமானது 2009 பெப்ரவரியில். அந்த மாதம் வன்னியில் மக்கள் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். உலகம் விருப்பம் தெரிவிக்கப் பழகிக்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில் திகன முதலான கண்டிப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அதற்குமுன் சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகள் அதே முகநூலிலே தடையின்றி உலாவின. அந்நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்காரர் அதற்கு எந்தக் குறியை இடுவது?

அதற்காக வாயிலைப் பூட்டும் உரிமையை ஆட்சியாளரிடம் ஒப்படைக்க நாம் ஆயத்தமில்லை. 2022 ஏப்ரில் 3ஆம் திகதி, பசியும் இருட்டும் தாங்காது மக்கள் தெருவுக்கு வரவிருந்த நேரத்தில், அரசு சமூக ஊடகங்களை மறித்தது. அன்று தடுக்கப்பட்டது வெறுப்பு அன்று. 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, அது யாரைக் காக்கும் என்று கேட்டவர்களுக்கு அந்த நாள் நன்கு நினைவிருந்தது.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் ஆயிரக்கணக்கிற் கூடினார்கள். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 500 ரூபா. அவர்கள் கேட்டது 1000 ரூபா. பெரிய தலைவர் எவரும் அழைக்கவில்லை. பெரும்பகுதி அழைப்பு கைத்தொலைபேசிகளினூடே போயிற்று. கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைசெய்த பிள்ளைகள், கறுப்புடை அணிந்து, கொழுந்து பறிக்கும் தாய்மாருக்காக வந்து நின்றார்கள். 1000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021இல். அதற்குள் அரிசி விலை வேறாயிற்று என்பது இன்னொரு கதை. ஆனால் ஒருநாளேனும் அந்த யன்னல் கூட்டமாக மாறியதை நாம் குறித்துக்கொள்ளவே வேண்டும். நாடகத்து மாமியாரின் பட்டுச்சேலைக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு துளிகூட அந்தக் கறுப்புடைகளுக்கு அன்று நமது பல தொலைக்காட்சிகள் ஒதுக்கவில்லை.

ஹற்றன் பக்கத்தில் படிப்பிக்கும் நண்பரொருவரின் வகுப்பிலே, தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை செய்யும் பிள்ளைகள் பலர். அவர்களுள் ஒருவனின் தாய்க்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் சிறிது ஓய்வு கிடைக்குமாம். லயத்துக் காம்பராவில் சீனிப் போத்தலிற் சாய்த்துக் கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, அவன் அதன் முன்னால் அமர்ந்து வீட்டுவேலைக் கணக்கைச் செய்வான். அரைமணி நேரம் இருவரும் பேசுவதில்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இடையில், “எழுத்து சாயுது பாரு, நேரா எழுது” என்பாள். அவன் அழித்துவிட்டு நேராக எழுதுவான். சில கிழமைகளில் கடைசிக் கணக்குக்கு முன்னரே டேட்டா முடிந்துவிடும்.