குறையும் நிறையும்

ஆசிரியரும் இன்றி, பாடநூலும் இன்றி நாம் எல்லாரும் முதல் வகுப்பில் தேறிவிடும் பாடம் ஒன்று உண்டு. அதுதான் குறை கூறுதல்! வெயில் அடித்தால் வெயிலைக் குறை கூறுவோம். மழை பெய்தால் மழையைக் குறை கூறுவோம். தேர்வு வைத்தால் ஏன் வைத்தார்கள் என்போம். தள்ளி வைத்தால் ஏன் தள்ளி வைத்தார்கள் என்போம். இப்பாடத்தில் விடுதி மாணவியராகிய நாங்கள் பட்டமே பெற்றிருந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அந்தப் பட்டத்தை நாங்கள் எவ்வாறு இழந்தோம் என்பதைக் கூறவே இக்கட்டுரை.

எங்கள் விடுதியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தொண்ணூறு பேர் இருக்கிறோம். அவர்களுள் பத்தாம் வகுப்பினர் பதினான்கு பேர். உணவறையின் கடைசி மேசை எங்களுக்கு உரியது. அந்த மேசையில் சோற்றைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது குறைதான். இட்லியை எறிந்தால் சுவர் உடையும் என்பாள் ஒருத்தி. உப்புமாவைக் கண்டதும் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைவாள் இன்னொருத்தி. எல்லாவற்றிலும் புகழ்பெற்றது எங்கள் சாம்பார் நகைச்சுவை. “இந்தச் சாம்பாரில் புனித பேதுருவே வந்து இரவெல்லாம் வலை வீசினாலும் ஒரு பருப்பும் அகப்படாது!” என்போம். நாள்தோறும் அதைச் சொல்வோம். நாள்தோறும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்போம்.

ஆகஸ்டு மாதம், விண்ணேற்பு அன்னையின் திருவிழா முடிந்த மறுவாரம், எங்கள் சமையல் பெரியம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்து வீட்டிற்குச் சென்றுவிட்டார்கள். உதவிக்கு இருக்கும் அக்கா ஒருவரே மீதி. வெள்ளிக்கிழமை இரவு உணவு முடிந்ததும் விடுதிச் சகோதரி எங்கள் மேசைக்கு வந்தார்கள். “சனியும் ஞாயிறும் பள்ளி இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுப்படிக்கு வாங்க. ருசி பார்க்கிறதில் நீங்கள்தானே கெட்டிக்காரர்கள்!” என்றார்கள். அவர்கள் முகத்தில் கோபம் இல்லை, புன்னகைதான் இருந்தது. அந்தப் புன்னகையின் பொருள் எங்களுக்கு மறுநாள்தான் விளங்கியது.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தோம். பன்னிரண்டு கிலோ அரிசியைக் களைந்து முடிப்பதற்குள் தோள் இறங்கிவிட்டது. வெங்காயம் உரித்தவர்களின் கண்ணீர் தவக்காலத்தை நினைவூட்டியது. கொதிக்கும் உலையின் அருகே எங்களை விடாமல் சகோதரியும் அக்காவுமே நின்று பார்த்துக்கொண்டார்கள். எனினும் சமையற்கட்டின் வெப்பம் எல்லாருக்கும் பொதுவாகவே இருந்தது. புகையையும் ஆவியையும் வெளியேற்றும் மின்விசிறி சுவரில் அசையாமல் நின்றது. “இது ஓடாதா, அக்கா?” என்று கேட்டோம். “இரண்டு மாசமா ஓடலை. பெரியம்மா யாரிடமும் சொல்லலை” என்றார் அவர்.

நாங்களோ சொல்லாமல் இருக்கப் பிறந்தவர்கள் அல்லவே! வெப்பத்தைப் பற்றியும், வெங்காயத்தைப் பற்றியும், விடியற்காலையைப் பற்றியும் ஒருவர் மாற்றி ஒருவர் முறையிட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சின் நடுவே சாம்பாருக்கு ஒருத்தி உப்புப் போட்டாள். அதை அறியாமல் இன்னொருத்தியும் போட்டாள். சுவைத்துப் பார்த்த சகோதரி தலையில் கைவைத்தார்கள். வேறு வழியின்றித் தண்ணீரை ஊற்றினோம். இன்னும் ஊற்றினோம். மூடியைத் திறந்து பார்த்தபோது, பேதுருவின் வலைக்கும் எட்டாத ஆழ்கடல் ஒன்றை நாங்களே படைத்திருந்தோம்!

நண்பகல் மணி அடித்தது. நடுங்கும் கைகளோடு பரிமாறினோம். எங்களுக்குத் தெரிந்த கேலி அனைத்தும் இன்று எங்கள்மீதே திரும்பப்போகிறது என்று அஞ்சினோம். ஆனால் பிள்ளைகள் பேசாமல் உண்டார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, ஜூன் மாதம்தான் விடுதிக்கு வந்தவள், தட்டைக் கழுவப் போகும் வழியில் எங்கள் அருகில் நின்றாள். “காலையிலிருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே அக்கா, கால் வலிக்கலையா? சாப்பாட்டுக்கு நன்றிக்கா” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

எங்களில் ஒருவராலும் பேச முடியவில்லை. எங்களுள் பலர் இந்த விடுதிக்கு வந்து ஐந்தாம் ஆண்டு நடக்கிறது. ஆண்டுக்கு இருநூறு நாள் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நான்கு ஆண்டு முடிவதற்குள் 2400 வேளை உண்டிருக்கிறோம். ஒவ்வொரு வேளையும் எழுந்து நின்று, கைகுவித்து, உணவுக்காக இறைவனுக்கு நன்றி செலுத்தியிருக்கிறோம். செபம் முடிந்து அமர்ந்த அடுத்த நொடியே, அவர் எந்தக் கையால் அந்த உணவைத் தந்தாரோ அந்தக் கையை எள்ளி நகையாடியிருக்கிறோம். “கால் வலிக்கிறதா, பெரியம்மா?” என்று ஒரு வேளையாவது கேட்டோமா? இல்லை!

அன்று மாலை பாத்திரம் கழுவும்போது உதவி அக்காவிடம், “நாங்கள் சொல்லும் கேலியெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியுமா?” என்று மெல்லக் கேட்டோம். “தெரியாம இருக்குமா? உங்க மேசை ஜன்னல் பக்கம்தானே இருக்கு! அதனாலதான் கடைசி மேசைக்கு ஊத்துறப்ப மட்டும், அண்டாவை அடிவரைக்கும் கலக்கி ஊத்துன்னு எங்கிட்டச் சொல்லுவாங்க. பத்தாம் வகுப்புப் பிள்ளைங்க, படிக்கிற பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

இரவுச் செபத்திற்குப் பின் சிற்றாலயத்திலேயே சிறிது நேரம் அமர்ந்திருந்தோம். மறைக்கல்வியில் பலமுறை படித்த விடுதலைப் பயணம் அன்று எங்கள் கதையாகவே தோன்றியது. கடலைப் பிளந்து தங்களைக் காத்த கடவுளை இஸ்ரயேல் மக்கள் எவ்வளவு நாள் நினைவில் வைத்திருந்தார்கள்? எகிப்தை விட்டுப் புறப்பட்ட சிறிது காலத்திலேயே முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். எகிப்தின் இறைச்சிப் பானையும், மீனும், வெள்ளரியும், வெங்காயமும், பூண்டும் அவர்கள் நினைவுக்கு வந்தன. அங்கே அறுத்த செங்கல்லும் பட்ட அடியும் மறந்துவிட்டன! குறை கூறும் பழக்கம் அத்தகையது. அது இருப்பதை மறைத்துவிடும். இழந்ததைப் பெரிதாக்கிக் காட்டும்.

இறைவன் பொழிந்த மன்னாவைப் பற்றியும் அப்போது நினைத்தோம். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று காலையில் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஓய்வுநாளுக்கென எடுத்ததைத் தவிர, மறுநாளுக்கு வைத்தது புழுத்துப்போயிற்று. நன்றியும் மன்னாவைப் போன்றதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நேற்றுச் சொன்ன நன்றி இன்றைக்கு உதவாது. ஒவ்வொரு காலையும் குனிந்து புதிதாகப் பொறுக்கத்தான் வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அப்படியானால் ஒரு கிறிஸ்தவப் பெண் எதையும் வாய்திறந்து சொல்லக் கூடாதா? அநீதியைக் கண்டாலும் பேசாமல் இருப்பதுதான் மனநிறைவா? எங்களுக்கும் இந்த ஐயம் வந்தது. மறுநாள் சகோதரியிடம் கேட்டோம். “யோபு கடவுளிடம் எவ்வளவோ முறையிட்டார். திருப்பாடல்களில் பாதி அழுகைதானே! அவற்றையெல்லாம் திருச்சபை செபமாகவே வைத்திருக்கிறது. ஆனால் பாலைவனத்து மக்கள் கடவுளிடம் பேசவில்லை. தங்கள் கூடாரங்களுக்குள் இருந்து முணுமுணுத்தார்கள். முகத்துக்கு நேரே சொல்வது வேறு, முதுகுக்குப் பின்னால் சொல்வது வேறு” என்றார்கள்.

அதைக் கேட்டதும் எங்களுக்கு அந்த மின்விசிறி நினைவுக்கு வந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்தவுடன் பதினான்கு பேரும் மதர் அவர்களின் அறைக்குச் சென்றோம். எங்கள் வாழ்விலேயே முதன்முறையாக, எங்களுக்காக அல்லாமல் மற்றவருக்காக, உரியவரிடம், உரிய முறையில் ஒரு குறையைச் சொன்னோம். “இதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை?” என்று மதர் வருந்தினார்கள். செவ்வாய்க்கிழமை மின்விசிறி ஓடியது. ஐந்தாம் ஆண்டாக நாங்கள் ஓயாது கூறிய ஆயிரம் குறைகளால் ஒரு பருப்புகூடக் கூடவில்லை. அன்புடன் சொன்ன ஒரே குறையால் சமையற்கட்டிற்குக் காற்று வந்தது!

வியாழக்கிழமை பெரியம்மா திரும்பி வந்தார்கள். இளைத்திருந்தார்கள். நாங்கள் வரிசையாகச் சென்று நின்றோம். மன்னிப்புக் கேட்க எழுதி மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியம் ஒருத்திக்கும் வரவில்லை; அழுகைதான் வந்தது. பெரியம்மா எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். சுவரில் ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்கள். “அழாதீங்க பிள்ளைகளா, நானும் ஒருகாலத்தில உங்க வயசுப் பிள்ளைதானே!” என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அன்று நண்பகல் எங்கள் மேசைக்குத் தாமே வாளியைத் தூக்கி வந்து, “இன்னைக்கு வலை போட்டுப் பாருங்கம்மா, கட்டாயம் அகப்படும்!” என்றார்கள். உணவறை முழுவதும் சிரித்தது. நாங்கள் சிரித்துக்கொண்டே அழுதோம்.

அக்டோபர் 1ஆம் நாள் சிறுமலர் புனித தெரேசாளின் திருவிழா. அவர் 1888இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு வயது பதினைந்து, எங்கள் வயதுதான்! செபவேளையில் பின்னால் இருந்த சகோதரி ஒருவர் ஓயாமல் எழுப்பிய சிறு ஓசை அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும். அவரோ அவ்வோசையை ஓர் இனிய இசையாக எண்ணிக் கேட்டு, அதையே இறைவனுக்குக் காணிக்கையாக்கினார். துணி துவைக்கும்போது முகத்தில் தெறித்த அழுக்கு நீரையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார். 24 வயதில் 1897இல் மறைந்த அவரை, 1997இல் திருச்சபை மறைவல்லுநராக உயர்த்தியது. பெரிய செயல்களால் அன்று. இத்தகைய சிறிய வழியால்!

அந்தத் திருவிழாவன்று நாங்கள் ஒரு தீர்மானம் செய்தோம். ஒவ்வோர் இரவும் படுக்கைக்குச் செல்லுமுன், அன்று நமக்கு உதவிய ஒருவரை நினைத்து, மறுநாள் அவரிடம் நேரில் நன்றி சொல்ல வேண்டும். வாயிற்காவலர் தாத்தா முதல்நாள் எங்கள் நன்றியைக் கேட்டு, நாங்கள் ஏதோ கேலி செய்வதாக எண்ணிவிட்டார்! அந்த அளவுக்கு அரிய சொல்லாக அது எங்கள் வாயில் இருந்திருக்கிறது.

இதற்காக நாங்கள் முற்றிலும் மாறிவிட்டோம் என்று சொன்னால் அது பொய்யாகும். கணக்குத் தேர்வு நாளில் இன்னும் முணுமுணுக்கிறோம். ஆனால் சிறைக்கூடத்தில் இருந்து பிலிப்பியருக்கு மகிழ்ச்சி பொங்கத் திருமுகம் எழுதிய புனித பவுல், எந்நிலையிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகத்தானே கூறுகிறார்! அவரே கற்றுக்கொண்டார் என்றால், அது பிறவியில் வருவதன்று, பயின்று பெறுவது. பயிலும் பிள்ளைகளுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

அன்புத் தோழியரே! நற்கருணையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு நன்றி செலுத்துதல் என்பதே பொருள் என்று கற்றிருக்கிறோம். திருவள்ளுவரும் செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். நலம்பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் ஒருவர் மட்டுமே இயேசுவிடம் திரும்பி வந்தார். மற்ற ஒன்பது பேரும் நலம் பெற்றார்கள்தாம். ஆயினும் திரும்பி வந்து அவர் முகத்தைக் காணும் பேறு அந்த ஒருவருக்கே கிடைத்தது. பள்ளியை விட்டுப் பிரியும் நாள் எங்களுக்கு நெருங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஒன்பது பேராக நாங்கள் போக விரும்பவில்லை. ஆகவேதான் இம்மலரின் வழியாகத் திரும்பி வந்து நிற்கிறோம். இறைவா, உமக்கு நன்றி! பெரியம்மா, உங்களுக்கும் நன்றி!

விடுதி மாணவியருக்காக,
பத்தாம் வகுப்பு மாணவி