மரக்காணம் உப்பளமும் கடல் தாண்டிய வாத்தியாரும்

ஈ.சி.ஆரில் புதுச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் வண்டியை நிறுத்துவது, உப்புக் குவியலோடு ஒரு செல்ஃபி எடுக்கத்தான். நானும் அதற்குத்தான் இறங்கினேன். வெயிலில் கண் கூசியது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "மழை புடிச்சா வேலை இல்ல தம்பி. அப்புறம் தை பொறக்கணும்" என்றார்.

சங்க இலக்கியத்தில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. காற்றுக்காகக் கப்பல்கள் காத்திருந்த கரை இது.

இங்கே நின்றால் வஜ்ரபோதி ஞாபகம் வருகிறார். நாளந்தாவில் படித்து, பல்லவர் காலத்தில் காஞ்சியில் இருந்த பௌத்தத் துறவி. இலங்கை போய், அங்கிருந்து ஸ்ரீவிஜயம் போனார். இன்றைய சுமத்ராவின் பாலெம்பாங்தான் அது. அப்போதே நாளந்தாவின் வெளிநாட்டுக் கிளை மாதிரி இருந்த ஊர்! 671-ல் அங்கே சமஸ்கிருத இலக்கணம் படித்த சீனத் துறவி யிஜிங், "ஆயிரத்துக்கும் மேற்பட்ட துறவிகள் இருக்கிறார்கள்; இந்தியா போகுமுன் இங்கே ஓரிரு வருடம் படியுங்கள்" என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார்.

வஜ்ரபோதி 720 வாக்கில் சீனா போய்ச் சேர்ந்தார். அங்கே பாடம் சொன்னார், நூல்களை மொழிபெயர்த்தார். கடைசியில் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது என்கிறது ஒரு சீனப் பதிவு. ஆனால் லுவோயாங் நகரிலேயே இறந்துபோனார். அவருடைய மாணவர் அமோகவஜ்ரர்தான் பிறகு ஏடுகள் தேடி இலங்கை வரை வந்தார்.

என் அக்கா மாலத்தீவில் டீச்சர். உப்பளம் போட்டோவை அவளுக்கு அனுப்பினேன். "பொங்கலுக்கு வர்றேன்டா" என்று பதில் வந்தது. போன வருஷமும் இதையேதான் சொன்னாள்.