முதல் வரிசையின் மூவர்

கண்டிக்காரர்களுக்கு ரக்பி என்றால் உயிர். திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதி வருகின்றன. அந்த ஆட்ட நாளில் கூட்டம் தொண்டை கிழியக் கத்துவது பந்தை ஏந்தி ஓடுகிறவனுக்காக. அவனுக்கு அந்தப் பந்தை வென்று கொடுக்கும் முதல் வரிசையின் மூன்று பேர் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் கண்டியில் ஒரு பாடசாலை அணியின் மாலைப் பயிற்சிக்குப் போயிருந்தேன்.

இரு அணியினரும் குனிந்து தோள் கோத்துத் தள்ளிப் பந்துக்குப் போராடுவதுதான் ஸ்க்ரம். மைதானத்தின் ஓரத்தில் அதற்கான பயிற்சி இயந்திரம் நின்றது. கனமான இரும்புச் சட்டம். தோள் கொடுத்துத் தள்ளுவதற்கு முன்புறம் மெத்தைத் திண்டுகள். பையன்கள் குனிந்து பிடித்ததும் பயிற்றுநர் பக்கவாட்டில் மண்டியிட்டு ஒருவனின் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அவரும் ஒரு காலத்தில் ப்ராப்தான், அதாவது முதல் வரிசையின் ஓரத்தில் நின்று தள்ளுபவர். உரசி உரசித் தடித்து மடங்கிப்போன காதுகளே சாட்சி. “தம்பி, தோள் இடுப்புக்குக் கீழ போகுது. தலையை நிமிர்த்து. காலை ஒரு சாண் பின்னுக்கு வை” என்றார். பையன் காலை நகர்த்தினான். அதுவரை அசையாத இரும்பு புல்லைக் கீறிக்கொண்டு பின்னே போனது. கூடியது பலமல்ல, முதுகு நேரானது, அவ்வளவுதான்.

1ஆம் எண் லூஸ்ஹெட் ப்ராப். அவனுடைய இடப்பக்கம் எதிராளி இல்லை, அதனால் தலைக்குக் கொஞ்சம் விடுதலை. நடுவில் 2ஆம் எண் ஹூக்கர். இரு கைகளும் தோழர்களைத் தழுவியிருக்க, காலாலேயே பந்தைப் பின்னுக்கு இழுப்பவன். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனபின் நடக்கும் லைன் அவுட்டில் அதை உள்ளே எறிவதும் பெரும்பாலும் அவன்தான். 3ஆம் எண் டைட்ஹெட்டின் தலையோ எதிரணி வீரர்கள் இருவருக்கு நடுவே மாட்டிக்கொள்கிறது. இரண்டு பேரின் அழுத்தத்தை ஒரே கழுத்து தாங்க வேண்டும். மூன்றில் கடினமானது இதுதான் என்பேன்.

அது எவ்வளவு கடினம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2019 நவம்பர் 2, யோகோஹாமா, உலகக் கிண்ண இறுதிப் போட்டி. மூன்றாவது நிமிடத்திலேயே இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்லர் தலையில் அடிபட்டு வெளியேறினார். மிச்ச ஆட்டம் மாற்று வீரர் டான் கோலின் தலையில் விழுந்தது. எதிரே ‘பீஸ்ட்’ என்று ரசிகர்கள் முழங்கும் தென்னாப்பிரிக்காவின் டெண்டாய் ம்தாவரிரா. இங்கிலாந்தின் ஸ்க்ரம் திரும்பத் திரும்ப நொறுங்க, நடுவர் பெனால்டி கொடுத்துக்கொண்டே இருந்தார். இடைவேளைக்குப் பிறகு தென்னாப்பிரிக்காவுக்குக் கிட்சாஃப், கோச் என்று புதுத் தோள்கள் வந்தன. கோலுக்கு மாற்று ஆள் இல்லை. ஹான்ட்ரே போலார்ட் ஆறு பெனால்டிகளைப் புள்ளிகளாக்கினார். தென்னாப்பிரிக்கா 32–12 என்று வென்றது. அந்த அணியின் மபிம்பியும் கோல்பியும் அடித்த ட்ரைகள்தான் எல்லோர் நினைவிலும் நிற்கின்றன. ஆனால் ஆட்டம் முறிந்த இடம் ஸ்க்ரம்.

இந்த வேலையின் ஆபத்து விதிகளுக்கும் தெரியும். பதினாறு பேர் ஓடிவந்து மோதுவதுபோல் இணைந்த பழைய முறையை மாற்றி, 2013இல் மோதுவதற்கு முன்பே ப்ராப்கள் எதிராளியின் சட்டையைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆக்கினார்கள். மோதலின் வேகம் தணிந்தது. முதல் வரிசைக்குப் பழகிய ஆள் தீர்ந்துபோனால், இரு அணிகளும் தள்ளாமலே ஸ்க்ரம் நடக்கும். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவும் கூடாது.

ஆகவே பாடசாலைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உடம்பு பருமனாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு பையனை முதல் வரிசைக்கு அனுப்பாதீர்கள். முதலில் கழுத்தைப் பலப்படுத்துங்கள், குனியக் கற்றுக்கொடுங்கள். ஆட்டம் அதற்குப் பிறகு.