இரண்டாம் வாசல்

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு முழுக்க மண் வெட்டினேன். கனடாவுக்கு வந்த இத்தனை வருடத்தில் வீட்டுக் கோடியில் தக்காளிப் பாத்தி கொத்தியதைத் தவிர மண்வெட்டி பிடித்ததில்லை. முதுகு இன்னும் நிமிரவில்லை. உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் இருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து வடகிழக்கே மூன்று மணிநேரம் ஓடினால் அவருடைய காட்டு நிலம். அதில் மண்ணுக்குள் ஒரு குடில் கட்டுகிறார். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே அறை. அந்தப் பக்கமெல்லாம் கருங்கல் பூமி. எங்கள் வளவில் சுண்ணாம்புக்கல் அலவாங்கை மடக்குமே, இது அதைவிட மோசம்; இரண்டடியில் பாறை தட்டிவிடும். மனுசன் இரண்டு கோடைகாலம் கம்பியால் குத்திக் குத்தித் தேடி, தெற்கே சரியும் ஒரு மணல்மேட்டைக் கண்டுபிடித்திருக்கிறார். அனுமதி எடுக்க அலைந்த கதை தனி மடலுக்கு உரியது.

ஏன் மண்ணுக்குள் என்று கேட்டேன். மாசி மாதத்தில் வெளியே சுழியத்துக்குக் கீழே முப்பது பாகை போகும் இடம் அது. ஆனால் நிலத்தில் ஆழம் போகப் போக வெயிலும் குளிரும் எட்டாது. பத்துப் பாகைக்குக் கொஞ்சம் கீழே, வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே நிலை. மார்கழி விடியலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்ததே, அதே கணக்குத்தான். சின்ன விறகடுப்பு ஒன்று போதும் என்கிறார்.

அவருக்கு வேதப்புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தின் வடக்குக் காட்டில் வாழ்ந்த மைக் ஓலர் என்பவர் 1978இல் வெளியிட்டது. அந்த மனுசன் 1971இல் வெறும் 50 டொலர் செலவில் நிலத்தடியில் ஒரு வீடு கட்டி அதிலேயே குடியிருந்தார். முறை மிகவும் எளிமையானது. மரத் தூண்களை நட்டு, தூண்களுக்கு வெளிப்புறம் பலகை அடித்து, பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே பொலித்தீன் விரித்து, மண்ணைத் தள்ளி மூடுவது. கொங்கிறீற்று என்ற பேச்சே இல்லை.

குழியை எட்டிப் பார்த்ததும் என் வாயில் முதலில் வந்த கேள்வி, “மற்ற வாசல் எங்கே?”

“நீ முன்பு இதைச் செய்திருக்கிறாய்” என்றார்.

செய்திருக்கிறோம்தானே, அக்கா. 1990இல் ஊரில் குண்டுவீச்சு தொடங்கினபோது அப்பாவும் பெரியப்பாவும் மாமரத்தடியில் வெட்டின பங்கர். சிதறல் நேரே பாய்ந்து வராமலிருக்க ‘ட’ மாதிரி ஒரு மடக்கு. மேலே பனங்குற்றி, அதற்கு மேலே உரப்பைகளில் மண். ஒரு வாய் இடிந்து மூடினாலும் மற்றதால் ஏற வேண்டும் என்று இரண்டு வாசல். மாரியில் முழங்காலளவு தண்ணீர். தவளை உங்கள் பாவாடைக்குள் ஏறிவிட்டது என்று விமானச் சத்தத்தையும் மீறி நீங்கள் கத்தினது.

இவர் புத்தகத்தைப் புரட்டி ஒரு படத்தைக் காட்டினார். சரிவில் குழி வெட்டுகிற எல்லாரும் பள்ளப் பக்கம் மட்டும் யன்னல் வைப்பார்கள். அப்போது மேட்டுப்பக்கச் சுவர் குருட்டுச் சுவராகி, மேலிருந்து ஊறிவரும் நீர் முழுவதையும் முதுகில் தாங்கும். ஓலர் மேட்டுப்பக்கத்திலும் தாழ்வாக ஒரு முற்றம் வெட்டச் சொன்னார். இரண்டு பக்கமும் வெளிச்சம், தண்ணீருக்கு விலகிப்போக வழி, மனிதருக்கு இன்னொரு வாசல். அப்பா எந்தப் புத்தகத்தைப் பார்த்து வெட்டினார்?

கூரையைப் பற்றி மட்டும் நான் விடாமல் கதைத்தேன். எங்களுடைய குற்றிகள் குழியின் இரு கரையிலும் மண்மேலே கிடந்தன. மழையில் கரை இளகியதும் ஒரு பக்கம் சரிந்தது நினைவிருக்கும். அகலம் குறைவு, அதனால் தப்பினோம். இங்கே நூற்றிருபது சதுர அடிக்கு ஓரடி ஈரமண் போட்டாலே ஐந்தரை, ஆறு தொன் வரும். அதற்கு மேலே பனி வேறு. பாரம் முழுக்கத் தூணில் இறங்க வேண்டும், கரையில் இல்லை. அவர் தலையாட்டிவிட்டு, கரியாகச் சுட்டு வைத்திருந்த தேவதாரு அடிக்கட்டைகளைக் காட்டினார். வேலிக்கட்டையின் அடியை அப்பாவும் இப்படித்தான் சுட்டு நடுவார்.

இன்னொன்று. ஒன்ராறியோவில் 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழிக்குள் வேலையாள் இறங்க வேண்டுமானால் பக்கங்களைச் சரித்து வெட்ட வேண்டும், அல்லது முட்டுக்கொடுக்க வேண்டும். மணல் சொல்லிக்கொண்டு சரியாது. மனுசன் சட்டத்துக்கு ஒரு படி மேலேயே சரித்திருந்தார். அதனால்தான் வெட்ட வேண்டிய மண் இரட்டிப்பாகி என் முதுகு போனது. செங்குத்தான அந்தப் பங்கருக்குள் நாங்கள் ஏழு பேர் இருந்ததை அவருக்குச் சொல்லவில்லை.

பொழுதுபட, பாதிக்கூரைக்குப் பலகை ஏறியது. அவர் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றி உள்ளே கூப்பிட்டார். ஈரமண் மணம். நடுவிலே நல்ல மரக்குற்றி ஒன்று போட்டு வைத்திருந்தார், விருந்தாளிக்கென்று. நான் அதில் இருக்கவில்லை. மேட்டு வாசலுக்குப் பக்கத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வானம் தெரிகிற மாதிரி குந்தியிருக்கிறேன் என்பது அவர் பார்த்தபிறகுதான் எனக்கே தெரிந்தது.

“ஏன் அங்கே?”

“இங்கேதான் காற்று வருகிறது” என்றேன்.

கொஞ்சநேரம் பார்த்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, என் தலைக்குமேலே பலகையில் ஒரு கோடு கிழித்தார். அந்த இடத்தில் ஒரு வாங்கு அடிக்கப் போகிறாராம்.

அன்புடன்,
தம்பி