குளிர்ப் பெட்டியும் மண் பானையும்

மார்ச் மாதத்து இரவு. கட்ச் பகுதியில், தோலாவீராவுக்கு அருகே ஒரு கருவேல மரத்தடியில் நின்றிருந்த சின்ன டிரெய்லருக்குள் மணி மூன்று அடித்த நேரத்தில் ஒரு சத்தம் நின்றுபோனது. கடந்த மூன்று நாட்களாகக் காதோரம் முனகிக்கொண்டே இருந்த சத்தம். அது நின்றதும் அந்தப் பெண்மணிக்குத் தூக்கம் கலைந்தது. காலடியில் இருந்த பிரிட்ஜில் சிவப்பு விளக்கு மினுக்கியது. உள்ளே நான்கு இன்சுலின் பேனாக்கள்.

"அஹோ" என்று கணவரை எழுப்பினார். மராத்தியப் பெண்கள் கணவரைப் பெயர் சொல்லாமல் கூப்பிடும் சொல் அது. அந்த ஒரு சொல்லிலேயே என்ன நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

புனேயைச் சேர்ந்த தம்பதி. அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி 30 ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். ஹரப்பா, மொகஞ்சதாரோ, தோலாவீரா என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவர், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. முதல் இரண்டும் எல்லைக்கு அப்பால். மூன்றாவது இந்தியாவிலேயே இருக்கிறது. ஓய்வு பெற்றதும் போவது என்று முடிவு செய்திருந்தார். அதற்குள் சர்க்கரை நோய் முந்திக்கொண்டது.

இன்சுலினோடு அவர் செய்த முதல் பயணம் காசிக்கு. ரயிலில், தெர்மாஸ் குடுவையில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பொட்டலத்தை ஒட்டி மருந்தை வைத்திருந்தார்கள். மருந்து உறைந்து, பிறகு உருகியது. பார்வைக்கு எந்த மாற்றமும் இல்லை. ஊசி வழக்கம்போல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் விழித்தார். ஒருமுறை உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெப்பம்தான் எதிரி என்று நினைத்தார்கள், குளிரும் எதிரிதான். திறக்காத இன்சுலினுக்கு உகந்தது 2 முதல் 8 டிகிரி. அதற்குக் கீழே போனாலும் ஆபத்து, மேலே போனாலும் ஆபத்து.

அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் மும்பையைத் தாண்டவில்லை. கல்யாணங்களுக்கு மொய்ப்பணம் மட்டும் போயிற்று.

கணவருக்கு இது உறுத்தியது. வாழ்க்கை முழுவதும் ரயில்களை மோதாமல் ஓட வைத்தவருக்கு நான்கு பேனாக்களைக் குளிராக வைத்திருக்க வழி தெரியாதா? ஒரு பட்டறையில் சொல்லி, காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சின்ன டிரெய்லர் செய்துகொண்டார். இரண்டு பேர் படுக்க இடம், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. கார் இழுக்கும் இந்த மாதிரி வீடுகள் மேலை நாடுகளில் சகஜம். நம் சாலைகளில் அபூர்வம். சுங்கச் சாவடிகளில் இறங்கி வந்து எட்டிப் பார்க்காத ஆள் இல்லை.

அடுத்தது பிரிட்ஜ். இதில்தான் அவர் ஆறு மாதம் செலவழித்தார்.

மருமகன் முதலில் ஒரு பெட்டி வாங்கித் தந்தார். லேசானது, மலிவானது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும். இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும் என்று பிரான்ஸைச் சேர்ந்த பெல்டியே 1834இல் கண்டறிந்த விளைவின் அடிப்படையில் இயங்குவது. அதன் குறை வெயிலில் தெரியும். வெளி வெப்பத்திலிருந்து 15 அல்லது 20 டிகிரிதான் அதனால் குறைக்க முடியும். வண்டிக்குள் 42 என்றால் பெட்டிக்குள் 22க்குக் குறையாது. அதற்கும் இடைவிடாமல் 4 ஆம்பியர் குடிக்கும். ஒரு நாளுக்கு 96 ஆம்பியர்-மணி. ஒரு பெரிய பாட்டரியை விடிவதற்குள் காலி செய்துவிடும்.

இரண்டாவது வகை, எரிவாயுச் சுடரில் ஓடுவது. நெருப்பால் குளிரூட்டும் இந்த விந்தையை 1922இல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் உருவாக்கினார்கள். சத்தமே இராது. ஆனால் பெட்டி சமதளத்தில் நிற்க வேண்டும்; ஓடும் வண்டியில் சுடரை எரியவிடுவது ஆபத்து. "சிலிண்டரோடு நான் வர மாட்டேன்" என்றார் மனைவி. விவாதம் அத்தோடு முடிந்தது.

மிஞ்சியது வீட்டு பிரிட்ஜைப் போலவே கம்ப்ரஸர் வைத்த, 12 வோல்ட்டில் ஓடும் பெட்டி. விலை பல மடங்கு. ஆனால் வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே 4 டிகிரி கிடைக்கும். கதவு மேல்பக்கம் திறப்பதால், திறக்கும்போது குளிர்காற்று கீழே கொட்டிப்போவதில்லை. ஓடும்போது சுமார் 45 வாட். குளிர்ந்ததும் தானே நின்று, தானே மறுபடி ஓடும். அவர் 50 லிட்டர் பெட்டியைப் பார்த்து வைத்திருந்தார். "யாருக்கு? நமக்கா, கல்யாண வீட்டுக்கா?" என்று மனைவி கேட்ட பிறகு 25 லிட்டருக்கு இறங்கினார். அந்தக் கேள்வி அவர்களுக்குப் பணத்தை மட்டுமல்ல, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தியது.

கணக்கு காகிதத்தில் சரியாகவே இருந்தது. வெயில் நாளில் பெட்டிக்கு 30 முதல் 40 ஆம்பியர்-மணி. டிரெய்லரில் 75 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரி. இந்த வகை பாட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். ஆக, கையில் இருப்பது ஒரு நாளைக்கான மின்சாரம். மறுநாள் கார் ஓடும்போது பாட்டரி நிறைந்துவிடும் என்பது அவர் கணிப்பு. காரிலிருந்து டிரெய்லருக்கு ஒயர் இழுத்தார். சார்ஜ் ஆவதைக் காட்ட ஒரு பச்சை விளக்கும் வைத்தார். சூரத், வதோதரா வழியாகப் போன மூன்று நாளும் அந்த விளக்கு எரிந்தது. அவரும் நிம்மதியாக ஓட்டினார்.

பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொன்னது. ஒயரில் மின்சாரம் வந்தது. போதுமான அழுத்தத்தில் வரவில்லை. 12 வோல்ட் உலகின் பெரிய ரகசியம் இதுதான். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு வோல்ட் தொலைந்தால் பிழைப்பே போய்விடும். அவர் போட்டிருந்தது வீட்டு விளக்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். போக ஆறு மீட்டர், வர ஆறு மீட்டர். 5 ஆம்பியர் பாயும்போதே அதில் முக்கால் வோல்ட் காணாமல் போகும். பாட்டரி நிறைய 14 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்; வந்தது 13ஐ ஒட்டி. தினமும் செலவு முழுதாக, வரவு அரைகுறையாக. மூன்றாம் இரவு கஜானா காலி.

பிரிட்ஜ் பழுதாகவும் இல்லை. பாட்டரியின் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். அது பாட்டரியைக் காப்பாற்றிவிட்டது. மருந்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் அவர் ஒயர்களைத் தடவிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. "விடிந்ததும் திரும்பிவிடலாம். என் தப்பு" என்றார். மனைவி பதில் சொல்லாமல் சமையல் மேடைக்கு அடியிலிருந்து ஒரு மண் பானையை இழுத்தார்.

அந்தப் பானையை முந்தைய நாள் வழியில் ஒரு குயவரிடம் வாங்கியிருந்தார்; ஒன்று பெரியது, ஒன்று சிறியது. "பிரிட்ஜ் இருக்கும்போது இது எதற்கு?" என்று கணவர் சிரித்திருந்தார். பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதில் பிளாஸ்டிக் உறைக்குள் இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கும் பேனா. மேலே ஈரத்துணி. மணலின் ஈரம் பானைச் சுவர் வழியாக ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. கட்ச் போன்ற வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும். மும்பையின் ஈரக் காற்றில் அவ்வளவாகச் செய்யாது. இதை அவருக்கு எந்த இன்ஜினியரும் சொல்லவில்லை. அவருடைய தாய் வீட்டில் வெண்ணெய் இப்படித்தான் இருந்தது.

மற்ற நான்கு பேனாக்களையும் அதே பானையில் வைத்தார். காலையில் புனேயில் இருக்கும் டாக்டரைப் போனில் பிடித்தார்கள். அவர் பதற்றப்படவில்லை. 30 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்த இன்சுலின் நான்கு வாரம் வரை தாங்கும். மறுபடி குளிர வைத்துக் கணக்கை நீட்டக்கூடாது, அவ்வளவுதான் என்றார். கென்ய அகதி முகாம் ஒன்றின் வெப்ப நிலையை ஒத்த சூழலில் வைத்துச் சோதித்த இன்சுலின், 25க்கும் 37க்கும் இடையே ஏறி இறங்கிய வெப்பத்திலும் நான்கு வாரம் வீரியம் இழக்கவில்லை என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. (எல்லா வகை மருந்துக்கும் இது பொருந்தாது, அவரவர் டாக்டரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.) அன்று பகலில் வெளியே 38 டிகிரி. பானைக்குள் வைத்த தெர்மாமீட்டர் 26ஐத் தாண்டவில்லை.

தம்பதி திரும்பிப் போகவில்லை. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தோலாவீராவின் வடக்கு வாசலில், 10 பெரிய எழுத்துக்கள் கொண்ட பலகை கிடைத்த இடத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியை வெகுநேரம் நின்றார். பிறகு பாறையை வெட்டிச் செய்த நீர்த்தேக்கத்தின் படிகளைப் பார்த்தார். மழை தவறும் ஊரில், இருக்கும்போதே சேர்த்துவைத்தவர்கள். ஒன்றல்ல, வரிசையாகப் பல தேக்கங்கள். "ஒன்றை மட்டும் நம்பவில்லை, பார்த்தீர்களா?" என்று கேட்டார். கணவர் வேறு பக்கம் பார்த்தார்.

புனே திரும்பியதும் அவர் மெல்லிய ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பாட்டரியை ஒட்டி ஃபியூஸ் வைத்து, பிரிட்ஜுக்குத் தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டார். காரிலிருந்து வரும் ஒயரை அதைவிடத் தடிமனாக்கி, குறைந்த அழுத்தத்தை உயர்த்தித் தரும் சார்ஜர் ஒன்றைச் சேர்த்தார். 100 வாட் சோலார் தகடு வாங்கினார். நல்ல வெயிலில் அது நாளொன்றுக்குச் சுமார் 400 வாட்-மணி தரும், பெட்டியின் தேவையை ஏறக்குறைய ஈடுகட்டும். தகட்டைக் கூரையில் பதிக்கவில்லை. வண்டி நிழலில் நின்றால்தான் பிரிட்ஜ் குறைவாக ஓடும். தகடு வெயிலில் கிடந்தால்தான் மின்சாரம். எனவே நீள ஒயரோடு தகடு தனியாக வெளியே காய்கிறது. பச்சை விளக்கு இருந்த இடத்தில் இப்போது வோல்ட் மீட்டர்.

பெட்டியின் முகப்பில் தெரியும் எண்ணையும் அவர் நம்புவதில்லை. உள்ளே, பேனாக்களின் பக்கத்திலேயே, ஒரு நாளின் அதிகபட்சக் குளிரையும் வெப்பத்தையும் நினைவில் வைத்திருக்கும் தனி தெர்மாமீட்டர். உட்சுவரை ஒட்டி மருந்து வைப்பதில்லை. காசிப் பாடம் மறக்கவில்லை.

அதன் பிறகு மூன்று பயணங்கள் போய்வந்தார்கள். புறப்படும் காலையில் அவர் குனிந்து வோல்ட் மீட்டரைப் படிக்கிறார். மனைவி மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். "அது எதற்கு?" என்று அவர் இப்போது கேட்பதில்லை. பானை உருளாமல் இருக்க, சமையல் மேடைக்கு அடியில் ஒரு மர வளையம் செய்து பொருத்தியிருக்கிறார்.